இந்தியன் தாத்தாவும் ஒரு கூட்டல் கணக்கும்

ஊழலைப் பற்றி எங்கே பேச்சு எடுத்தாலும், டீக்கடையோ ஆபீஸ் கேன்டீனோ, ஐந்தாவது நிமிடத்தில் யாராவது ஒருவர் "இந்தியன் தாத்தா மாதிரி ஒருத்தர் வந்தாதான் சார் சரிப்படும்" என்று முடித்துவிடுவார். பக்கத்தில் இருப்பவர் "ஓட்டு போட்டு என்ன ஆகப்போகுது" என்று சேர்த்துக்கொள்வார். முதல் வாக்கியத்தை விட இரண்டாவதுதான் எனக்கு உறுத்தும். இரண்டும் ஒன்றாகவே வருவது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். அதனால் 'இந்தியன்' படத்தைப் பொழுதுபோக்காக இல்லாமல், ஒரு அரசியல் கோட்பாட்டு நூலை வாசிப்பது போல மறுபடி பார்த்துக் குறிப்பெடுத்தேன். நம்மில் பெரும்பாலோர் லஞ்சத்தைப் பற்றி வாசித்த ஒரே கோட்பாட்டு நூல் அதுதானே.

முதலில் படத்துக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். லஞ்சத்தை அது 'மேலே நடக்கும் கோடிகள்' என்று காட்டவில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்கும் புரோக்கர், ஃபைலை நகர்த்தாத குமாஸ்தா, தீக்காயத்தோடு கிடக்கும் பெண்ணுக்கு வைத்தியம் பார்க்கக் காசு கேட்கும் டாக்டர் என்று சின்னத் தொகைகளாகக் காட்டியது. பட்டா மாற்றத்துக்காக நானும் ஒரு அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் நடந்தவன்தான். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது வரும் கோபத்துக்கு ஒரு முகம் கொடுத்தது சேனாபதி. அது சாதாரண வேலை இல்லை.

கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சேனாபதி ஒருவரைக் கொல்வதற்கு முன், அவர் குற்றவாளி என்று நமக்கு எப்படித் தெரிகிறது? படம் காட்டியது, நாம் பார்த்தோம். கஸ்தூரி சாவதையும் டாக்டர் காசு கேட்பதையும் ஃபிளாஷ்பேக்கில் நம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். ஆகவே டிவி நேரலையில் அந்த டாக்டர் கொல்லப்படும்போது நமக்குச் சந்தேகமே வருவதில்லை. படத்துக்குள் டிவி பார்க்கும் ஜனங்களுக்கு அந்த ஃபிளாஷ்பேக் கிடையாது. அவர்கள் பார்ப்பது கத்தி வைத்திருக்கும் ஒருவரையும், கத்திக்குப் பயந்து ஒப்புக்கொள்ளும் இன்னொருவரையும்தான். அதற்கே கை தட்டுகிறார்கள். திரையரங்கில் நாமும் தட்டினோம். ஃபிளாஷ்பேக்தான் அந்தப் படத்தின் நீதிபதி. அது ஒருபோதும் தப்பு செய்யாத நீதிபதி. நிஜத்தில் ஃபிளாஷ்பேக் கிடையாது. வவுச்சர் இருக்கும், ரசீது இருக்கும், மாற்றிப் பேசும் சாட்சி இருக்கும். கூட்டிப் பார்த்தால் தொகை சரியாக வராத பட்டியல் இருக்கும்.

சந்துரு கதையை எடுத்துக்கொள்ளுங்கள். காசு வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்று கொடுக்கிறான், பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள், அப்பாவே மகனைக் கொல்கிறார். படத்தின் மிக வலுவான பகுதி இது. ஆனால் அந்தக் கத்திக்குத்துக்குப் பிறகு, மறுநாள் காலை அதே நாற்காலியில் வேறு ஒரு இன்ஸ்பெக்டர் உட்காருவார். அவரை யார் சரிபார்ப்பது? படத்தின் பதில், பயம். சேனாபதி எங்கோ இருக்கிறார் என்ற பயம். 2012 ஜூலையில் சென்னைப் புறநகரில் ஓடும் பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி இறந்தாள். அந்தப் பேருந்துக்கும் தகுதிச் சான்று இருந்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக வழக்கை எடுத்தது, அரசு பள்ளிப் பேருந்துகளுக்கென்று தனி விதிகள் போட்டது. இப்போது கோடை விடுமுறையில் உங்கள் ஊர் மைதானத்தில் மஞ்சள் பேருந்துகள் வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். போக்குவரத்து, வருவாய், காவல், கல்வி என்று பல துறைக்காரர்கள் ஒன்றாக வந்து அவசர வழிக் கதவையும் தரைப் பலகையையும் பார்க்கிறார்கள். பத்திரிகைக்காரர் போட்டோ எடுக்கிறார். பார்க்கச் சலிப்பான காட்சிதான், எந்த டைரக்டரும் படமாக்க மாட்டார். அங்கே சாமியார் யாரும் தேவைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் இன்னொருவர் கண் திறந்திருக்க வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான்.

'முதல்வன்' (1999) இன்னும் சுவாரசியம். ஒரு நாள் முதல்வர் போகிற இடமெல்லாம் சஸ்பெண்ட் செய்கிறார், நாம் விசில் அடிக்கிறோம். (சஸ்பெண்ட் ஆனவருக்குப் பாதிச் சம்பளம் பிழைப்பூதியமாக வரும், 311ஆம் பிரிவின்படி விசாரணை இல்லாமல் அவரை வீட்டுக்கு அனுப்ப முடியாது என்பதெல்லாம் அடுத்த நாள் கதை. படத்தில் அடுத்த நாள் இல்லை.) அந்தப் படத்தின் கிளைமாக்ஸை மட்டும் நிதானமாகப் பாருங்கள். புகழேந்தி தன்னைத் தானே சுட்டுக்கொண்டு, துப்பாக்கியை அரங்கநாதன் கையில் எறிகிறான். காவலர்கள் அரங்கநாதனைச் சுட்டுக் கொல்கிறார்கள். அதாவது, நல்லவனான முதல்வர் பொய்ச் சாட்சியத்தை உருவாக்கி, அரசாங்கத் துப்பாக்கியால் எதிர்க்கட்சிக்காரரை ஒழிக்கிறார். சுருக்கமாகச் சொன்னால் இதற்கு என்கவுன்டர் என்று பெயர். படத்துக்கே இது உறுத்துகிறது, நாயகன் வருத்தப்படவும் செய்கிறான். ஆனால் கதைக்கு வேறு வழி இல்லை. ஒற்றை ஆளை நம்பி எழுதப்படும் எந்தக் கதையும் கடைசியில் வந்து நிற்கும் இடம் இது.

2024ல் வந்த 'இந்தியன் 2' பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. அதில் ஒரே ஒரு நேர்மையான திருப்பம் இருந்தது. அவரவர் வீட்டு ஊழலை அவரவரே காட்டிக்கொடுங்கள் என்று தாத்தா சொல்ல, வீடுகள் உடைகின்றன, 'திரும்பி வா' என்று கூப்பிட்டவர்களே 'திரும்பிப் போ' என்கிறார்கள். அங்கிருந்து ஒரு நல்ல படம் தொடங்கியிருக்கலாம்.

முதல் 'இந்தியன்', 'முதல்வன்' இரண்டுக்கும் வசனம் எழுதியவர் சுஜாதா. எங்கள் தலைமுறை என்ஜினீயர்களுக்கு அவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய பணியை மேற்பார்த்தவரும் அவர்தான். பகலில் ஓட்டு மெஷின், ராத்திரியில் சேனாபதி என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். (கால வரிசை அப்படி இல்லை, தெரியும்.) அந்த மெஷினின் வரலாற்றிலேயே நம் விஷயத்துக்குத் தொடர்பான ஒரு கதை இருக்கிறது. 1982ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாக மின்னணு இயந்திரம் வைத்தார்கள். சிவன் பிள்ளை ஜெயித்தார், ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984ல் உச்ச நீதிமன்றம் சொன்னது: இயந்திரத்தால் வாக்களிக்கச் சட்டத்தில் இடம் இல்லை, அந்தச் சாவடிகளில் மறுபடி வாக்குச்சீட்டில் நடத்துங்கள். மறு வாக்குப்பதிவில் ஜோஸ் ஜெயித்தார். 1988ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் இயந்திரம் திரும்ப வந்தது. இயந்திரம் தப்பாக எண்ணியது என்று தீர்ப்பு சொல்லவில்லை. உன் நோக்கம் நல்லதாக இருக்கலாம், அதிகாரம் எங்கிருந்து வந்தது என்றுதான் கேட்டது. சேனாபதியிடம் படம் முழுக்க யாரும் கேட்காத கேள்வி அது.

'இந்தியன்' வெளியானது 1996 மே மாதம். அதே மாதம் தமிழ்நாட்டில் வேறொன்றும் நடந்தது. ஐந்து வருட ஆட்சியின் மீது ஊழல் புகார்கள் குவிந்திருந்த நிலையில், 234 இடங்களில் ஆளுங்கட்சிக்கு 4 மட்டும் கொடுத்து ஜனங்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். முதல்வரே பர்கூரில் தோற்றார். கத்தி எடுக்காமல், ரத்தம் சிந்தாமல், ஒரு நாள் கியூவில் நின்று செய்த வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு நேராகத் தியேட்டருக்குப் போய், கத்தியால்தான் நாடு திருந்தும் என்ற படத்துக்குக் கை தட்டினோம். கதையை நகர்த்தும் இடம் எதிலும் ஓட்டு என்பது வராத படம் அது. நம் கையில் இருந்ததை நாமே மதிக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

"சரி, ஓட்டு போட்டோம், அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அப்புறம் நடந்ததைத்தான் நான் பல மாதம் தோண்டிப் படித்தேன்.

ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கு. 1991 ஜூலை 1 முதல் 1996 ஏப்ரல் 30 வரை, மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய காலத்தில், வருமானத்துக்கு மேல் 66 கோடியே 65 லட்சம் ரூபாய் அளவுக்குச் சொத்து சேர்ந்தது என்பது அரசுத் தரப்பின் குற்றச்சாட்டு. தொடக்கத்தில் புகார் கொடுத்தவர் சுப்பிரமணியன் சுவாமி. 2001ல் ஜெயலலிதா திரும்ப ஆட்சிக்கு வந்தார். அந்த வருடம் செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வேறொரு வழக்கில் தண்டனை பெற்று நிற்பவரை முதல்வராக நியமித்தது செல்லாது என்று சொல்லி அவரைப் பதவியிலிருந்து இறக்கியது. மக்கள் ஜெயிக்க வைத்தார்கள் என்பது அரசமைப்புச் சட்டத்துக்கு மேல் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அந்த வேறொரு வழக்கில் விடுதலை பெற்று, 2002ல் ஆண்டிப்பட்டியில் ஜெயித்து மறுபடி முதல்வரானார். இதற்கிடையில் சொத்துக் குவிப்பு வழக்கில் ஏற்கெனவே சாட்சி சொன்ன 76 பேர் மறுபடி கூப்பிடப்பட்டார்கள், அவர்களில் 64 பேர் பிறழ்ந்தார்கள். யாரும் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. குற்றம் சாட்டப்பட்டவரின் அரசாங்கமே அரசுத் தரப்பாக இருந்தால் வேறென்ன ஆகும்?

இங்கேதான் சினிமாவில் வராத ஒரு பாத்திரம் உள்ளே வருகிறது, போட்டிக் கட்சிக்காரர். தி.மு.க. பொதுச்செயலாளர் க. அன்பழகன் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 2003 நவம்பரில் வழக்கு பெங்களூருக்கு மாற்றப்பட்டது. அன்பழகன் அதை ஊழல் ஒழிப்பு லட்சியத்தால் மட்டும் செய்தாரா? இல்லை, அரசியல் லாபமும் இருந்தது. இருக்கட்டுமே! அந்த லாபக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தால் வழக்கு அங்கேயே செத்திருக்கும். ஜனநாயகம் புனிதர்களை வைத்து ஓடுகிற வண்டி அல்ல. ஒருவர் தப்பைக் கண்டுபிடித்தால் இன்னொருவருக்கு லாபம் என்ற ஏற்பாட்டில் ஓடுகிறது. அந்த லாபக்காரர் சொல்வதை அப்படியே நம்பாமல் மூன்றாவது ஒருவர் சரிபார்ப்பார். எங்கள் வேலையில் கோட் ரிவ்யூ என்று ஒன்று உண்டு. ரிவ்யூ செய்பவர் உங்களை விட நல்லவராக இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அவர் வேறு ஆளாக இருந்தால் போதும்.

2014 செப்டம்பர் 27ல் நீதிபதி ஜான் மைக்கேல் டி'குன்ஹா 4 வருடச் சிறையும் 100 கோடி அபராதமும் விதித்தார். 2015 மே 11ல் கர்நாடக உயர் நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்த விடுதலை ஒரு கூட்டல் கணக்கின் மேல் நின்றது. வருமானம் சுமார் 34.76 கோடி, சொத்து சுமார் 37.59 கோடி, வித்தியாசம் 2.82 கோடி, அதாவது வருமானத்தில் 8.12 சதவீதம். 10 சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற பழைய தீர்ப்பைக் காட்டி விடுதலை. ஆனால் வருமானத்தில் சேர்த்திருந்த வங்கிக் கடன்களின் பட்டியலை ஒன்றன் கீழ் ஒன்றாகக் கூட்டினால் 10 கோடியே 67 லட்சத்துச் சொச்சம்தான் வருகிறது. தீர்ப்பில் 24 கோடியே 17 லட்சத்துச் சொச்சம் என்று இருந்தது. பதின்மூன்றரைக் கோடி அதிகம்! நானும் ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்த்தேன். பிழையைத் திருத்தினால் வருமானம் சுமார் 21.26 கோடி, வித்தியாசம் சுமார் 16.32 கோடி, சதவீதம் 8லிருந்து 76க்கு மேல் தாவுகிறது. ஒரு செல்லில் தப்பு, மொத்தத் தீர்ப்பும் தலைகீழ்.

அரசுத் தரப்பு வழக்கறிஞர் பி.வி. ஆச்சார்யா உடனே அதைச் சுட்டிக்காட்டினார். பத்திரிகைகள் பட்டியலை அப்படியே அச்சிட்டன. பள்ளிக்கூடத்துப் பையன்கூடக் கூட்டிப் பார்க்க முடிந்தது. கர்நாடக அரசு மேல்முறையீடு செய்தது. 2017 பிப்ரவரி 14ல் நீதிபதிகள் பினாகி சந்திர கோஷ், அமிதவ ராய் அமர்வு அந்தப் பிழையையும் மற்ற குறைகளையும் எடுத்துக்காட்டி, கீழ் நீதிமன்றத் தண்டனையைத் திரும்ப நிறுத்தியது. என் கண்ணில் இந்த வழக்கின் நாயகன் நீதிபதிகளில் யாரும் இல்லை. தீர்ப்பு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், அதை எவரும் படிக்கலாம் என்ற விதிதான் நாயகன். சேனாபதியின் தீர்ப்பில் கூட்டல் பிழை இருந்திருந்தால் எந்தப் பக்கத்தில் போய்த் தேடுவது?

இந்த வழக்கைப் பெருமைக்குரிய உதாரணமாக நான் நீட்டவில்லை. முக்கியக் குற்றவாளி 2016 டிசம்பரில் இறந்துவிட்டார். கடைசித் தீர்ப்பு வந்தபோது அவர் இல்லை, மற்ற மூவர் சிறைக்குப் போனார்கள். இருபது வருடம் என்பது ஒரு தலைமுறை. சேனாபதிக்குக் கை தட்டுபவர்கள் முட்டாள்கள் இல்லை, இந்தத் தாமதத்தைத்தான் அவர்கள் திட்டுகிறார்கள். ஆனால் தாமதத்துக்கு எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். மேல்முறையீடு எடுத்துக்கொண்ட காலம் ஒப்பீட்டில் சிறிது. வாய்தா, ஆட்சி மாறியதால் வந்த தடைகள், பிறழ்சாட்சிகள், ஆவணங்களை மொழிபெயர்ப்பது பற்றிய சண்டைகள் இவைதான் வருடங்களைத் தின்றன. சரிபார்க்கும் படியைத் தூக்கிவிட்டால் இந்தக் குப்பை எதுவும் போகாது.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு உதாரணம் இருக்கிறது. 2ஜி வழக்கில் 1,76,000 கோடி என்ற எண் ஊர் ஊராகப் போனது. தணிக்கை அறிக்கையில் அது ஒரு உத்தேச இழப்பு மதிப்பீடு. தெருவில் அது ஒருவர் எடுத்துக்கொண்டு போன பணமாகவே மாறிவிட்டது, அதாவது ஃபிளாஷ்பேக்காக. 2012ல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது, ஒதுக்கிய முறை தவறு என்று. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம், ஏற்கத்தக்க ஆதாரம் வரும் என்று வருடக்கணக்கில் காத்திருந்தும் வரவில்லை என்று சொல்லி எல்லோரையும் விடுவித்தது. சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் 2024 மார்ச்சில் விசாரணைக்கு ஏற்றது. எது உண்மை என்று உங்களுக்கு ஒரு கருத்து இருக்கும், எனக்கும் உண்டு. நம் இருவர் கையிலும் கத்தி இல்லாதது நல்லது.

சரிபார்க்கும் படியை நிஜமாகவே ஒரு நாடு தாண்டிப் பார்த்தது. அந்தக் கதை தமிழில் அதிகம் எழுதப்படவில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரேசிலில் 2014 மார்ச்சில் லாவா ஜாட்டோ என்ற விசாரணை தொடங்கியது. கார் கழுவும் இடம் என்று அர்த்தம். ஒரு பெட்ரோல் பங்கை வைத்து நடந்த கறுப்புப் பண விசாரணை, அரசு எண்ணெய் நிறுவனமான பெட்ரோப்ராஸ் வரை போனது. கிடைத்தது பொய்யான விஷயம் இல்லை. ஓடெப்ரெக்ட் என்ற கட்டுமான நிறுவனம் லஞ்சம் கொடுப்பதற்கென்றே தனி டிபார்ட்மென்ட் வைத்து, அதற்கென்று தனி சாஃப்ட்வேரும் ஓட்டிக்கொண்டிருந்தது. (என் தொழிலில் இதை விட வினோதமான கிளையன்ட் ரெக்வைர்மென்ட் கேள்விப்பட்டதில்லை.) குரிட்டிபா நகரத்து நீதிபதி செர்ஜியோ மோரோ தேசிய நாயகன் ஆனார். பேரணிகளில் அவரை சூப்பர்மேனாகக் காட்டும் பலூன் பொம்மைகள் பறந்தன. 2017 ஜூலையில் முன்னாள் ஜனாதிபதி லூலாவுக்கு ஒன்பதரை வருடச் சிறை விதித்தார். 2018 தேர்தலுக்கு முன் கருத்துக் கணிப்புகளில் முன்னணியில் இருந்த லூலா போட்டியிட முடியாமல் போனது. தண்டனை பெற்றவர் தேர்தலில் நிற்கக் கூடாது என்ற சட்டத்தில் 2010ல் ஜனாதிபதியாகக் கையெழுத்துப் போட்டவரே லூலாதான் என்பது தனி வேடிக்கை. போல்சனாரோ ஜெயித்தார். அந்த அமைச்சரவையில் மோரோ நீதி அமைச்சர் ஆனார்.

2019 ஜூனில் 'தி இன்டர்செப்ட்' பத்திரிகை டெலிகிராம் செய்திகளை வெளியிட்டது. வழக்கை விசாரிக்கும் நீதிபதி, வழக்கு நடத்தும் அரசுத் தரப்பு வழக்கறிஞருக்கே யோசனை சொல்லிக்கொண்டிருந்தார், எந்தச் சாட்சியைப் பார்க்கலாம், எதை முதலில் செய்யலாம் என்று. 580 நாள் சிறையில் இருந்து லூலா வெளியே வந்தார். 2021 மார்ச்சில், அந்த நீதிமன்றத்துக்கு அதிகார வரம்பே இல்லை என்று தண்டனைகள் ரத்தாயின. அதே மாதம் மோரோ நடுநிலையாக இல்லை என்றும் உச்ச நீதிமன்ற அமர்வு சொன்னது. எனக்கு இதை விடப் பெரிதாகத் தெரிவது 2023 செப்டம்பரில் நடந்தது. ஓடெப்ரெக்டின் அந்த லஞ்ச சாஃப்ட்வேரிலிருந்து எடுத்த தரவுகளைச் சாட்சியமாகவே பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவர் உத்தரவிட்டார், அவை பெறப்பட்ட விதமும் கையாளப்பட்ட விதமும் கறை பட்டது என்று. நிறுவனமே ஒப்புக்கொண்ட லஞ்சம்! லூலா குற்றமற்றவரா என்ற வாதத்தை விட்டுவிடுங்கள். அவசரத்தில் எடுத்த குறுக்கு வழியால், நிஜமாகவே திருடியவர்களுக்கும் வெளியே போகக் கதவு திறந்தது. அதோடு ஒரு தேர்தலும் கறை பட்டது.

மோரோ சேனாபதி இல்லை, கத்தி எடுக்கவில்லை. ஆனால் அவர் மீது விழுந்த கைத்தட்டல் அதே கைத்தட்டல்தான். நல்லவர், அதனால் அவரை யாரும் கேள்வி கேட்கத் தேவையில்லை.

2011ல் அண்ணா ஹசாரே போராட்டத்தின்போது நம் நாட்டிலும் இதே விவாதம் நடந்தது. ஜன லோக்பால் வரைவு, பிரதமர் முதல் கடைநிலை ஊழியர் வரை எல்லோரையும் விசாரிக்கும், வழக்குத் தொடுக்கும் ஒரே பெரிய அமைப்பைக் கேட்டது. அருணா ராய் உள்ளிட்ட தகவல் உரிமை இயக்கத்துக்காரர்கள் அதற்கு மாற்று வைத்தார்கள். எல்லாவற்றையும் ஒரே கையில் கொடுக்காதீர்கள், மேல்மட்ட ஊழலுக்கு ஒன்று, நீதித்துறைக்கு ஒன்று, அன்றாடக் குறைகளுக்கு ஒன்று என்று பிரியுங்கள் என்றார்கள். சர்வரில் ஒரே ஆளுக்கு ரூட் பாஸ்வேர்டு கொடுக்காதே என்பதுதான் அதன் சாரம். டிவியில் அந்தக் குரலுக்கு அதிகம் இடம் கிடைக்கவில்லை, சிலர் துரோகம் என்றே பேசினார்கள். 2013ல் சட்டம் வந்தது, முதல் லோக்பால் தலைவர் 2019 மார்ச்சில்தான் நியமிக்கப்பட்டார். அவர் பினாகி சந்திர கோஷ், கூட்டல் பிழையைத் திருத்திய அதே அமர்வில் இருந்தவர்.

அருணா ராய் சென்னையில் பிறந்தவர், எழுபதுகளில் ஐ.ஏ.எஸ். வேலையை விட்டுவிட்டு ராஜஸ்தான் கிராமங்களுக்குப் போனவர். மறுபடி 1996 வசந்தத்துக்கு வருகிறேன். இங்கே 'இந்தியன்' வெளியாகத் தயாராகிக்கொண்டிருந்தபோது, ராஜஸ்தானின் பியாவர் ஊரில் அவர் தொடங்கிய மஜ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஆட்கள் தெருவில் உட்கார்ந்திருந்தார்கள். 40 நாள் தர்ணா, ஏப்ரல் 6ல் தொடங்கியது. கேட்டது யாருடைய தலையையும் அல்ல, ஜெராக்ஸ் காப்பி. பஞ்சாயத்து வேலைகளின் பில், வவுச்சர், மஸ்டர் ரோல் நகல் தருகிறோம் என்று முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் ஒரு வருடம் முன்பே சட்டமன்றத்தில் சொல்லியிருந்தார், உத்தரவுதான் வரவில்லை.

நகல் எதற்கு? 1994 டிசம்பரிலிருந்தே அவர்கள் 'ஜன் சுன்வாய்' என்ற பொது விசாரணை நடத்திக்கொண்டிருந்தார்கள். கிராமத்தில் பந்தல் போட்டு, மஸ்டர் ரோலை மைக்கில் வாசிப்பார்கள். இன்னார் இத்தனை நாள் வேலை செய்தார், இவ்வளவு கூலி வாங்கினார் என்று. அவர் செத்து எத்தனையோ வருஷமாச்சே என்று ஒரு குரல் வரும். இவர் அப்போ ஊரிலேயே இல்லையே என்று இன்னொன்று. கட்டி முடித்ததாகப் பில் போட்ட கட்டடம் அரைகுறையாக எதிரில் நிற்கும். ஃபிளாஷ்பேக்குக்கு நிஜ வாழ்க்கையில் இருக்கும் ஒரே மாற்று அதுதான். காகிதத்தில் எழுதியதையும் கண்ணால் கண்டதையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்ப்பது. குற்றம் சாட்டப்பட்ட சர்பஞ்சும் அங்கே வந்து பதில் சொல்லலாம். சிலர் பணத்தைத் திருப்பியும் கொடுத்தார்கள்.

அந்தத் தர்ணாவிலிருந்து வளர்ந்தது 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டம். அதற்கு முன்பே, 1997ல், மாநிலங்களிலேயே முதலாவதாகத் தமிழ்நாடு ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. விலக்குகளே அதிகம் இருந்ததால் யாருக்கும் பயன்படவில்லை. சினிமாவில் நாம் கேட்டது கத்தி, அதனால் ஓட்டைச் சட்டம் வந்ததை யாரும் கவனிக்கவும் இல்லை போல.

இப்போது கவனிக்க வேண்டிய இடம் இன்னொன்று இருக்கிறது. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவையும் மாற்றியது. முன்பு, பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத தனிப்பட்ட தகவலைத்தான் மறுக்கலாம், பொது நலன் இருந்தால் கொடுத்தாக வேண்டும் என்று அந்தப் பிரிவிலேயே இருந்தது. நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாததை எவருக்கும் மறுக்கக் கூடாது என்ற வரியும் இருந்தது. புதிய வடிவத்தில் 'தனிப்பட்ட தகவல்' என்ற இரண்டு சொல் போதும். பொது நலனுக்காகக் கொடுக்கலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது, ஆனால் எடைபோடுவது அதே அலுவலகம். தரவுப் பாதுகாப்பு என் தொழிலோடு ஒட்டியது, அதற்கு எதிராக நான் பேச மாட்டேன். என் ஆதார் எண்ணை ஊரே பார்க்க வேண்டியதில்லை. ஆனால் மஸ்டர் ரோல் என்பது பெயர்களின் பட்டியல். பெயர், எத்தனை நாள், எவ்வளவு கூலி, கைரேகை. பெயர் தனிப்பட்ட தகவல்தான். அந்தப் பத்தியைக் கறுப்பு மையால் அடித்துவிட்டுக் கொடுத்தால், பந்தலில் மைக்கைப் பிடித்திருப்பவர் வாசிக்க மீதி இருப்பது நாட்களும் ரூபாயும் மட்டும். செத்தவரை அதில் யார் அடையாளம் காட்டுவார்கள்?